வண்ணம் வந்த வழி – 17: மாருதி மேனிச் சிவப்பு

“நெத்திக்கா மாமி, மாருதிக்கா?”

மாட்டுங்கா மார்க்கெட்டில் பூஜை சாமான் கடைக்காரர் கேட்டார். எங்கள் செம்பூர் குடியிருப்பின் வாசலில் ஒரு சின்ன மாருதி இருக்கிறார். அவருக்குப் பூசச் செந்தூரம் வாங்கப் போயிருந்தேன். மாருதிக்குத்தான் என்றதும் உள் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்தார். கை சட்டென்று தாழ்ந்தது. அதே அளவு குங்குமப் பொட்டலம் பஞ்சு மாதிரி இருக்கும். இது கல்லாய்க் கனத்தது.

“இதை நெத்தியில வெச்சுக்காதேள். குழந்தைகள் கைக்கு எட்டாம வையுங்கோ.”

கனத்துக்குக் காரணம் காரீயம். நல்ல குங்குமம் என்பது மஞ்சளும் காரமும் சேர்ந்து சிவந்தது. பழைய முறைச் செந்தூரமோ காரீயத்தைக் காற்றுப்பட வறுத்து எடுப்பது. முதலில் வெளிர்மஞ்சள் தூள் கிடைக்கும். நம் நாட்டு வைத்தியர்கள் களிம்புக்குச் சேர்க்கும் மிருதாரசிங்கி அதுதான். அதை 450 டிகிரியை ஒட்டிய சூட்டில் கிளறிக்கொண்டே வறுத்தால் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறும். சூடு கூடிப்போனால் பாடெல்லாம் வீண், மறுபடி மஞ்சளுக்கே திரும்பிவிடும். அடுப்பின் பக்குவம் தெரிந்த கைக்கு மட்டுமே வசப்படும் நிறம். இன்று கடைகளில் செந்தூரம் என்று விற்பதில் வெறும் சாயப்பொடியும் உண்டு. கனம் பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடலாம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம், பயம் வேண்டாம். ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டையும் அழைப்பதால் நம் வீடுகளில் இந்தக் குழப்பம் தீராமல் இருக்கிறது.

இந்தச் சிவப்புக்கு லத்தீனில் மினியம் என்று பெயர். ஐரோப்பாவில் கையெழுத்துச் சுவடிகளின் தலைப்பெழுத்துகளை அதைக்கொண்டுதான் தீட்டினார்கள். அந்த வேலையிலிருந்து பிறந்த சொல் மினியேச்சர். சின்ன ஓவியம் என்ற பொருள் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. முகலாய, ராஜஸ்தானச் சிற்றோவியங்களில் எரிகிற ஆரஞ்சுச் சிவப்பைப் பார்த்தால் பெரும்பாலும் இதே செந்தூரம்தான்.

மராட்டிய மண்ணில் இது ஷேந்தூர். பிரபாதேவி சித்திவிநாயகர் கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை ஷேந்தூர் பூசுவதற்காகச் சில நாட்கள் மூலவர் தரிசனத்தை நிறுத்துவார்கள். கிராமத்து மாருதிகளுக்கு இத்தனை கட்டுப்பாடு இல்லை. வாரா வாரம், மேலுக்கு மேல், எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். கண், மூக்கு, கைவிரல் எல்லாம் உள்ளே அமிழ்ந்து கடைசியில் ஒரு சிவந்த திரட்சி மட்டும் மிஞ்சும்.

நாசிக் மாவட்டம் வணியில் மலைப்பாறையில் செதுக்கிய சப்தசிருங்கி தேவிக்குப் பதினெட்டுக் கை. 2022-இல் கோயிலை ஒன்றரை மாதம் மூடி, தலைமுறை தலைமுறையாக ஏறிய ஷேந்தூரை எடுத்தார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேல்! அடியிலிருந்த மூல வடிவம் வெளிப்பட்டபோது எத்தனையோ பேர் கண்ணீர் விட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நானும் நெகிழ்ந்துபோனேன்.

வெறும் பொடி எப்படி இத்தனை இறுகும்? காரீயம் எண்ணெயோடு சும்மா கலந்து நிற்பதில்லை, அதன் கொழுப்பமிலங்களோடு கூடி ஒருவகைச் சோப்பாகிவிடுகிறது. நம் சோப்பு நீரில் கரையும். இது கரையாது, இறுகும். எண்ணெய் வண்ண ஓவியர்களுக்குக் காரீய வெள்ளை நூற்றாண்டுக் கணக்கில் பிடித்திருந்ததும் இதனால்தான். வண்ணம் சீக்கிரம் காய்ந்தது, உரியாமல் நின்றது.

எண்ணெய்க் கவசம் இல்லாத இடத்தில் இந்த நிறங்கள் எளிதில் அழிகின்றன. சிற்றோவியங்களில் பிசின் கலந்து காகிதத்தின் மேல் மெல்லியதாகத் தீட்டிய காரீய வெள்ளை, முத்துமாலையில் ஒவ்வொரு முத்தாகக் கருத்துப்போகும். காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு செய்கிற வேலை. செந்தூரத்தையும் அது விடுவதில்லை. மும்பைக்காரர்களுக்கு இந்த வாயுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சயானிலிருந்து பாந்த்ரா பக்கம் போகும்போது மித்தி நதிச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வருமே, அதுதான். எங்கள் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்த்து வைத்தால் பத்தே நாளில் பழுப்பேறிவிடும், அதற்கும் இதே வாயுதான் காரணம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கக் காரீய உப்பில் தோய்த்த காகிதத்தைத்தான் நீட்டுவோம். வாயு பட்டதும் காகிதம் கருக்கும். முத்துமாலைக்கு நேர்வதும் அதேதான், என்ன, மெதுவாக. கருத்த முத்துகளை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்க வைக்கலாம்தான். ஆனால் கிடைப்பது ஓவியன் வைத்த வெள்ளை அல்ல, வேறொரு காரீய உப்பு.

நிறத்தைவிட, அதைத் தொடும் கைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தாராவி 13-ஆம் காம்பவுண்டில் பழைய பெயின்ட் டின்களை நெருப்பில் வாட்டி, சுரண்டி, தட்டி நிமிர்த்துகிறார்கள். தாருகானாவில் கப்பல் உடைப்பவர்கள் வெட்டும் இரும்புத் தகட்டில் பெயின்டர்கள் ‘ரெட் லெட்’ என்று சொல்கிற துருத் தடுப்புப் பூச்சு இருக்கும். அதுவும் இந்தச் செந்தூரமே. வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்தது, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆலைகளுக்கும் இரும்புக்கும் அடிக்கும் பெயின்ட் அந்த விதிக்குள் வரவில்லை. அதற்கு முன்னால் அடித்த சுவரும் டின்னும் கப்பலும் இன்னும் இருக்கின்றன. காரீயம் தோல் வழியே அதிகம் ஏறாது; தூசியாக மூக்கிலும், கழுவாத விரலோடு வாயிலும் போகிறது. குழந்தை உடம்பு பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். டின் தட்டுகிற அறைக்கு மேலேயே குடியிருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் மாருதிக்கு ஷேந்தூர் பூசுபவர் வயதான வாட்ச்மேன் பாபா. போன சனிக்கிழமை பொட்டலத்தோடு ஒரு பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்தேன். பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையால் பூசினால்தான் தேவனுக்குப் போய்ச் சேருமாம். சரி பாபா, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றேன். தலையாட்டினார். குழாயடியில் நின்று எனக்காகவே இரண்டு தடவை தேய்த்துக் கழுவிக் காட்டினார். விரல்களெல்லாம் வெளுத்தன. வலது கட்டைவிரல் நகத்தடியில் மட்டும் பிறை போல ஒரு சிவப்பு அப்படியே இருந்தது. அதைத் துடைத்தெடுக்க ஊக்கு தேடி வீட்டுக்கு ஓடினேன்.