அம்மாவோடு நின்ற 512 நாட்கள்

டூட்டிங் முத்துமாரி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வாசலில் சப்பாத்தைத் தேடிக்கொண்டு நிற்கையில் யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். "என்ன தம்பி, சிற்றிசன் வந்திட்டுதே?" இன்னும் இல்லை அண்ணை என்பேன். "2012ஆம் ஆண்டு வந்தனி எல்லே, இன்னும் ஏன் இழுபடுது?" இதற்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டால் மடப்பள்ளியில் பொங்கல் ஆறிப்போய்விடும். ஆகையால் இங்கே எழுதுகிறேன். நான் எழுத்தாளன் அல்லன். ஓ.எல். எழுதியதோடு படிப்பு நின்றது. இரவு வேளையில் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் வேலை. பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கலேயில் லொறிக்குள் ஒளிந்திருந்து வந்து இறங்கியவன். 2013இல் அகதி அந்தஸ்தும், 2018இல் நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்தன. அதிலிருந்து ஒரு வருடம் கழித்துப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாம். 2019இல் அதற்குக் கட்டணம் 1,330 பவுண். அந்த வருடம்தான் மகள் பிறந்தாள். அந்த வருடம்தான் அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. சேர்த்த காசு அம்மாவுக்குப் போனது. மகள் பிறக்கும்போது எனக்கு நிரந்தர வதிவிடம் இருந்தபடியால் அவள் பிறப்பாலேயே பிரித்தானியப் பிரஜை. வீட்டில் முதற் கடவுச்சீட்டு எடுத்தவள் அவள்தான்.

அம்மாவை இங்கே கூப்பிட முடியவில்லையா என்று பலர் கேட்டார்கள். 2012 ஜூலை 9இல் வந்த விதிகளின்படி, பெற்றோருக்கு அன்றாடம் தேவைப்படும் பராமரிப்பு அவர்கள் இருக்கும் நாட்டில் காசு கொடுத்தும் பெறமுடியாது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். இது எம்மவரில் எத்தனை பேரால் முடியும்? நான் போய்ப் பார்ப்பதற்கும் வழியில்லை. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் எந்த நாட்டை விட்டு ஓடிவந்தோமோ அந்த நாட்டுக்குச் செல்லாது. ஆகவே அம்மாவைத் திருச்சிக்குக் கொண்டுவந்து கே.கே. நகரில் ஒரு சிறு வீடு வாடகைக்கு எடுத்தோம். கிழமைக்கு மூன்று முறை டயாலிசிஸ். அங்கே பெரியம்மாவைத் தவிர வேறு ஆளில்லை. நான் மூன்று முறை போனேன்.

முதற் பயணம் 2020 மார்ச் 2. நான்கு கிழமையில் திரும்ப ரிக்கற் இருந்தது. மார்ச் 23 முதல் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. ஓகஸ்ட் 20ஆம் திகதிதான் லண்டன் வந்து இறங்கினேன். அந்த ஐந்து மாதம் அம்மாவுக்குச் சோறு காய்ச்சிக் கொடுத்தவன் நான்தான் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டாவது பயணம் 2022 ஜனவரி 10 முதல் ஜூன் 28 வரை. மூன்றாவது 2023 மே 4 முதல் ஒக்டோபர் 26 வரை. அந்த ஒக்டோபரில் அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

இனி விதியைச் சொல்கிறேன். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 450 நாட்களுக்கு மேல் வெளிநாட்டில் நின்றிருக்கக்கூடாது. கடைசி ஒரு வருடத்தில் 90 நாட்கள். வெளிக்கிட்ட நாளும் வந்து சேர்ந்த நாளும் கணக்கில் வராது, இடையில் உள்ள முழு நாட்கள் மட்டும்தான். 480 வரை போனால் வழக்கமாகப் பெரிதுபடுத்த மாட்டார்கள். அதற்கு மேலே போனால் வீடு, வேலை, குடும்பம் எல்லாம் இங்கேதான் என்று காட்ட வேண்டும். அத்தோடு ஏழு வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது தவிர்க்கமுடியாத காரணம் ஒன்று இருக்க வேண்டும். அதன் பிறகும் அது அதிகாரியின் தற்றுணிபு. கனடாவிலும் நாட்கணக்குத்தான். அங்கே ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று மறுபக்கத்தால் எண்ணுகிறார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். 2025 ஜனவரியில் நான் போய்ப் பார்த்த ஆலோசகர் கலண்டரைத் தொடவேயில்லை. "ஒவ்வொரு முறையும் ஒரு அஞ்சு மாதம். மூவைஞ்சு பதினைஞ்சு. பதினைஞ்சு மாதம் எண்டால் சரியா 450. போடலாம்" என்றார். ஜனவரி 14ஆம் திகதி 1,630 பவுண் கட்டிப் போட்டாயிற்று. அன்றிரவு வேலை இடைவேளையில், பாண் வந்த மட்டைப் பெட்டி ஒன்றில் பேனாவால் எண்ணிப் பார்த்தேன். 170, 168, 174. கூட்டினால் 512. மூன்று முறை கூட்டினேன். மறுத்தால் விழாவுக்கான 130 பவுண் மட்டும்தான் திரும்பி வரும்.

அந்த மனிதர் மீது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஓகஸ்ட் மட்டும் பொறுத்திருந்தால் 2020ஆம் ஆண்டுப் பயணம் முழுவதும் ஐந்து வருடத்துக்கு வெளியே போயிருக்கும். 342 நாட்கள்தான் மிஞ்சியிருக்கும். ஒரு கேள்வியும் வந்திராது.

ஆனால் நான்கு கிழமை கழியவில்லை, வேறொரு செய்தி வந்தது. 2025 பெப்ரவரி 10 முதல் விண்ணப்பிப்பவர்களில் சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு, எத்தனை வருடம் கடந்திருந்தாலும், வழக்கமாகப் பிரஜாவுரிமை மறுக்கப்படும் என்று உள்துறை அமைச்சு அறிவித்தது. படகு, லொறி எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்கு முன்னர் பத்து வருடத்துக்குள் நடந்த நுழைவைத்தான் பார்த்தார்கள். நான் ஓகஸ்ட் வரை பொறுத்திருந்தால் நாட்கணக்குச் சரியாக இருந்திருக்கும், லொறி பிழையாகியிருக்கும். பிழையாக எண்ணியவர்தான் என்னைக் கரை சேர்த்தாரோ என்று மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் முன்பெல்லாம் மறுத்தால் என்ன, நாள் சரியானதும் திரும்பப் போடு என்பார்கள். லொறியில் வந்தவனுக்கு அந்தத் திரும்பப் போடுதல் இப்போது இல்லை என்றே சொல்லலாம். இதற்கு மேன்முறையீடும் கிடையாது. மீள்பரிசீலனை கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே இருப்பதையெல்லாம் அனுப்பினேன். பழைய பயணப் பத்திரத்தைப் புதியது எடுக்கும்போது கொடுத்துவிட்டேன், முத்திரைகளும் அதோடு போய்விட்டன. பிரதி எடுத்து வைக்காத மடையன் நான். நீங்களாவது ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்து வையுங்கள். விமானக் கம்பனி அனுப்பிய மின்னஞ்சல்கள், டயாலிசிஸ் பற்றுச்சீட்டுகள், அம்மாவின் மரண அத்தாட்சிப் பத்திரம், வீட்டு வாடகை ஒப்பந்தம், மகளின் பாடசாலைக் கடிதம் எல்லாம் சேர்த்தேன். ஐந்து வருடத்துக்கு முந்திய அந்த முதல் நாள் இங்கே நின்றதற்குச் சம்பளத் துண்டு சாட்சி. இம்முறை உதவியவர் குடிவரவு ஆலோசனை சொல்லப் பதிவுபெற்றவர். பதிவிலக்கம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் விண்ணப்பத்துக்குத் துணையாக இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அம்மாவின் பெயர் அதில் பதினொரு இடத்தில் வருகிறது.

பெரியம்மாவின் மகன், என்னிலும் மூத்தவர், 1990இல் படகில் போனவர். மண்டபம் போய் அங்கிருந்து திருச்சி கொட்டப்பட்டு முகாம். ஒரு நாளும் இந்தியாவை விட்டு வெளியே போகவில்லை. அனுமதிப் பத்திரமில்லாமல் வந்தவர்கள் என்பதால் இந்தியச் சட்டத்தில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 2019இல் வந்த திருத்தத்திலும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குத்தான் இடம், இலங்கையர்க்கு இல்லை. தொலைபேசியில் என் கதையைக் கேட்டுவிட்டு, "உன்ர நாளை எண்ணிப் பார்க்கவாவது அங்க ஆக்கள் இருக்கினம்" என்றார்.

வழக்கமாக ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லப்படும் என்பார்கள். எனக்கு அது கடந்துவிட்டது. விடிய ஆறு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் மின்னஞ்சலைப் பார்ப்பேன். டூட்டிங் புரோட்வே வரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அந்த நேரத்தில் எந்த அலுவலகமும் திறந்திருக்காது என்று எனக்கும் தெரியும்.

போன கிழமை பெரியம்மா கதைத்தார். அம்மாவின் திவசம் வருகிறது, ஒருக்கால் வந்துவிட்டுப் போ ராசா, இரண்டு கிழமைதானே என்றார். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டு, மேசையில் இருந்த கலண்டரை எடுத்தேன். போகிற நாளும் வருகிற நாளும் கழித்தால் 13.