படிக்க வந்த ஊர் – 6: டோலிச்சௌக்கியில் ஒரு வாடகை வீடு

சென்ற வாரம் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளைப் பார்த்தோம். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் எங்கே போகிறார்கள் என்பதே இந்த வாரம். விடுதியில் இடம் கிடைத்தவர்கள் நடந்தே அறைக்குப் போய்விடுவார்கள். இடம் கிடைக்காத வெளிநாட்டு மாணவர்கள் பலர் தார்னாகாவிலிருந்து மெஹதிப்பட்டணம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ என்று நகரின் மறுகோடியில் இருக்கும் டோலிச்சௌக்கிக்குப் போகிறார்கள்.

அங்கே பாரமவுண்ட் காலனித் தெருக்களில் சூடான், ஏமன், சோமாலியா, நைஜீரியா நாட்டு முகங்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். கடைப் பலகைகளில் அரபி எழுத்து இருக்கும். கல்லூரியை விட்டு ஏன் இவ்வளவு தூரம்? அங்கேதான் அவர்களுக்கு வீடு தருகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுப் படிப்புக்கு வந்த நானும் இந்த நகரத்தில் வீடு தேடியவன்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவனுக்கு, இரண்டு மாத வாடகை போதும் என்றது பெரிய ஆறுதல். வீட்டுக்காரம்மா ஊரைக் கேட்டார், சமையல் உண்டா என்று கேட்டார், சாவியைக் கொடுத்துவிட்டார். உடன் படித்த சூடான் நண்பருக்கு அப்படி அமையவில்லை. போனில் “வந்து பாருங்கள்” என்றவர்கள், நேரில் அவரைக் கண்டதும் “நேற்றே ஆள் வந்தாயிற்று” என்றார்கள். கூடப் போன எனக்குக் காரணம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. நிறம்தான் காரணம். அதை வேறு பெயரிட்டு அழைக்க எனக்கு மனமில்லை.

வெளிநாட்டு மாணவருக்கு வீடு என்பது தூங்குமிடம் மட்டுமில்லை. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் படிக்க வருபவர்கள், வந்திறங்கிய 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு முகவரிச் சான்று தேவை. வாடகைக்கு விடுபவரும் தன் பங்குக்கு விவரம் தெரிவிக்க வேண்டும். இந்த வேலைக்குத் தயங்கியே சிலர் வீடு தர மறுக்கிறார்கள். பாடம் சூடுபிடிக்க வேண்டிய முதல் இரண்டு வாரங்கள் வீட்டு ஒப்பந்தத்துக்கும் நகலெடுக்கும் கடைக்குமான அலைச்சலிலேயே கரைந்துபோகின்றன.

வீடு கிடைத்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடுகிறது. நண்பருக்கு டோலிச்சௌக்கியில் வீடு அமைந்தபின் ஒருநாள் ஃபூல் சமைத்துக் கொடுத்தார். மொச்சையைவிடப் பெரிய ஒரு பயறை வேகவைத்து மசித்து, மேலே எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவது சூடானியர் வழக்கம். அந்த எண்ணெய் நம் நல்லெண்ணெய்! எள் விளைச்சலில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று சூடான். ஒட்டகம் சுற்றிவரும் மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு அங்கே தனி மதிப்பு. எங்கள் பக்கத்தில் மாடு சுற்றிய செக்கைப் பற்றி நான் சொன்னேன். ஹைதராபாத்தின் பகாரா பைங்கனிலும் எள்தானே அரைத்துச் சேர்க்கிறார்கள் என்றார் அவர். இந்த ஊர்ச் சமையலை என்னைவிட நன்றாகக் கற்றிருந்தார். காய்கறிக்காரரிடம் ‘ஹௌ’, ‘நக்கோ’ என்று தக்கினி உருதுவில் பேரம் பேசவும் பழகியிருந்தார்.

2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது. கார்ட்டூமில் குடும்பம் இருந்த மாணவர்களுக்கு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. மாணவர் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அந்த நாட்களில் ஒரே அடுப்பில் பொங்கிப் பகிர்ந்து சாப்பிட்டவர்களை அறிவேன். அந்த மாதம் வாடகை கேட்காமல் காத்திருந்த ஒரு வீட்டுக்காரரையும் அறிவேன். படிப்பை விட்டுவிடாமல் ஒருவரைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

ஹைதராபாத்துக்கு அரபுகளும் ஆப்பிரிக்கர்களும் புதியவர்கள் இல்லை. நிஜாமின் படையில் ஏமனின் ஹத்ரமவுத் பகுதி அரபுகள் பணிபுரிந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் சந்திராயன்குட்டாவை அடுத்த பார்கஸில் இன்றும் வாழ்கிறார்கள், காலை உணவுக்கு ஹரீஸ் விற்கிறார்கள். ஆப்பிரிக்கக் குதிரைப்படையினர் குடியிருந்த இடம் இன்றைய மாசாப் டாங்க் பக்கத்து ஏசி கார்ட்ஸ். 1948இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்தபின் அந்தப் படை கலைந்தது. அவர்களின் வழிவந்த சித்தி மக்கள் கலையவில்லை. ஹைதராபாத் கல்யாணங்களில் முழங்கும் மர்ஃபா தாளம், ஆப்பிரிக்காவும் அரபுநாடும் இந்த நகரத்துக்குத் தந்த கொடை. ஆப்பிரிக்கரின் தாளத்துக்கு ஆடும் ஊர், ஆப்பிரிக்க மாணவருக்குக் கதவைச் சாத்தலாமா?

உதவித்தொகை ஒரு மாணவரை விமான நிலையம் வரை கொண்டுவருகிறது. அதன்பின் அவரை இந்த ஊரில் இருத்துவது வீட்டுக்காரர்கள்தான். ஆகவே இடம் தேடித் தரும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களும் ஏற்க வேண்டும். முதல் மாதமாவது எல்லா வெளிநாட்டு மாணவருக்கும் விடுதியில் இடம் ஒதுக்கலாம். பதிவு நடைமுறையை அக்கம்பக்கத்து வீட்டு உரிமையாளர்களுக்கு உருதுவிலும் தெலுங்கிலும் விளக்கலாம். இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. சூடானுக்கோ ஏமனுக்கோ ஒருநாள் திரும்பப் போகும் மருத்துவரும் ஆசிரியரும், இந்தியா எப்படிப்பட்ட நாடு என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நம் வீட்டு வாசலில் நாம் பேசிய பேச்சைத்தான் சொல்வார்கள்.

அடுத்த வாரம்: ரம்ஜான் மாதத்தில் பார்கஸ்.