கோடைத் தோட்டமும் கிணற்று நீரும்

சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலே யாழ்ப்பாணத்து முற்றமொன்றில் நண்பகலில் ஒரு தடியைச் செங்குத்தாக நட்டுப் பார்ப்பவர், அதற்கு நிழலே இல்லாதிருக்கக் காண்பார். ஏப்ரல் 5ஆம் நாளளவில் இலங்கையின் தென்கரைக்கு நேர் உச்சியில் நிற்கும் சூரியன், வடக்கே நகர்ந்து, 15ஆம் நாளளவிற் குடாநாட்டின் உச்சிக்கு வருகின்றது. அங்கும் அது தங்குவதில்லை. வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் நண்பகற் சூரியன் குடாநாட்டுக்கு வடக்கே நிற்கும். ஓகஸ்ட் மாதத்தின் இறுதி வாரத்திலேதான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே செல்லும். வானநூலார்க்கே உரிய செய்திபோலத் தோன்றினும், வீட்டுத் தோட்டம் செய்யும் நேயர்களுக்கு இது மிகவும் வேண்டப்படுவதாகும்.

மார்கழி மாதத்திலே பத்தடி உயரமுள்ள சுவரொன்றின் நண்பகல் நிழல் வடபுறத்தே ஆறரையடி வரை நீளும். ஆனி மாதத்திலோ அதே சுவரின் நிழல் தென்புறத்தே இரண்டரையடியைத் தாண்டுவதில்லை. எனவே, மாரியில் நிழலாயிருந்த இடத்தை நம்பிக் கோடையில் நாற்றுமேடை அமைத்தால் நாற்று வெந்துபோகும். மேடையை வீட்டின் தென்புறச் சுவரை அணைத்து அமைத்தல் நன்று. ஏனைய பாத்திகளுக்குப் பக்கத்து நிழல் பயன்படாது. மேலே ஒரு பந்தர் வேண்டும். நான்கு கம்பு நாட்டி, பனையோலையை அல்லது தென்னங்கிடுகை ஐதாகப் பரப்பினாற் போதும். காலை வெயிலும் மாலை வெயிலும் சரிந்து உள்ளே வரும். உச்சி வெயில் மட்டும் தடைப்படும்.

ஆயின், தென்புறத்துக்கு ஓர் இடர் உண்டு. வைகாசியிலிருந்து சோளகக் காற்று அத்திசையைச் சார்ந்தே வீசும். வெயில் உலர்த்துவதைக் காட்டிலும் இக்காற்று பாத்தியை விரைவாக உலர்த்திவிடும். முன்னோர் வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நாட்டி வேலி அடைத்தமை எல்லை காட்டுவதற்கு மட்டுமன்று. அவ்வேலி காற்றை வடித்து மெல்ல உள்ளே விட்டது. வெட்டிய குழை மண்ணுக்குப் பசளையாயிற்று. இன்று பல வளவுகளில் வேலி நின்ற இடத்தில் மதில் நிற்கின்றது. மதில் குழை தராது. அதன்மேல் மோதிய காற்றும் மறுபுறத்தில் சுழன்று விழும். மதில் கட்டியவர்கள் அதன் உட்புறமாகச் சீமைக்கிளுவைத் தடிகளை ஒரு வரிசை ஊன்றிவிடலாம். ஆனால் அவற்றை மழைக்காலத்தில் ஊன்றினாலே எளிதில் வேர்கொள்ளும்.

இனி, கிணற்றைப் பற்றிக் கூறவேண்டும். கோடைத் தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது வளவின் பரப்பன்று, கிணறேயாகும். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிற் சேர்கின்றது. அந்த நன்னீருக்குக் கீழே இருப்பது கடல்நீர். கடல்நீர் நன்னீரிலும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆதலால் நன்னீர் அதன்மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேல்மட்டம் அரையடி தாழ்ந்து அப்படியே நின்றுவிடின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் இருபதடி மேலெழும். புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே.

துலா மிதித்து இறைத்த காலத்தில், இறைப்பவரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரே முறையில் நீண்ட நேரம் இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழேயுள்ள உவர்நீர் கூம்புபோல மேலே இழுக்கப்படுகின்றது. ஆகையால், சிறிது இறைத்து, ஊற்று ஊற விட்டு, மறுபடியும் இறைத்தல் வேண்டும். உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் வைத்தலும் ஆகாது. வெண்டியின் இலைநுனி கருகுவதும், காய்ந்த பாத்தியின்மேல் வெள்ளையாய்ப் பூப்பதும் நீர் உவர்ப்பதன் அறிகுறிகள். அவ்வாறான கிணற்றடியிலே போஞ்சியும் வெங்காயமும் முயல்வது வீண்வேலை.

எவ்வளவு நீர் வேண்டும்? ஒரு சதுர மீற்றர் பாத்தியில் 5 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் பாய்ச்ச 5 லீற்றர் செல்லும். இருபது சதுர மீற்றருக்கு 100 லீற்றர். அதாவது 10 லீற்றர் வாளியாற் பத்து வாளி. ஒரு குடும்பத்தின் கறித்தேவைக்கு உதவ இப்பரப்பே போதுமானது. நான்கு கத்தரி, ஒரு வரிசை வெண்டி, பந்தரிலே பயிற்றை, ஓரத்திற் கீரை என அடங்கிவிடும். அரிசி கழுவிய நீரும் மரக்கறி கழுவிய நீரும் இதனுட் சேரும். சவர்க்கார நீரை வாழையடிக்கு விடுவதே வழக்கம். கீரைப்பாத்திக்கு அது வேண்டாம். பாத்தியின்மேல் சருகு, வைக்கோல் என்பவற்றை மூன்று விரற்கடை தடிப்புக்குப் பரப்பினால் — விவசாய நூல்கள் இதனைப் பத்திரக்கலவை என்னும் — நாள்தோறும் ஊற்றுவதை ஒன்றைவிட்டொரு நாளாகக் குறைக்கலாம். நீர் விடுவதற்கு உகந்தது விடியற்காலை. பாகல், புடோல் முதலிய கொடிகளின் அருகே சுட்ட, வண்ணம் பூசாத மண்முட்டியொன்றைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பிவைப்பின், அது கசிந்து வேருக்கே செல்லும். பிஞ்சுகளைக் கடதாசியாற் சுற்றிக் கட்டினாற் பழ ஈ அணுகாது.

பசளை பற்றியும் ஒன்று. செம்மண்ணும் சுண்ணக்கல்லும் நீரை விரைவிற் கீழே விடுவன. பயிர் உண்ணாத யூரியா நைத்திரேற்றாக மாறி, அதே கிணற்றுக்குத் திரும்புகின்றது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் கூறும் எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் ஒரே கிணறுள்ள வளவில் மக்கிய மாட்டெருவையும் தாழ்த்த குழையையும் அளவோடு இடுவதே தகும். மலசலகூடக் குழி கிணற்றுக்கு அண்மையில் உள்ளதோ என்பதையும் வீட்டார் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

ஆனி முடிவிலே கத்தரியும் வெண்டியும் காய்த்து ஓயும். நோயற்ற செடியொன்றில் இரண்டு மூன்று காய்களை முற்றவிட்டு, விதையெடுத்து, நிழலில் உலர்த்திச் சாம்பலிற் பிரட்டி வைக்கலாம். சூரியன் மீண்டும் உச்சியைக் கடந்த பின், ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும், மாரிப் பயிருக்கான நாற்றுமேடைக்கு அவ்விதை உதவும்.