வாயில் திறந்தால் போதுமா?

பல்கலைக் கழகம் என்றதும் நம் கண் முன்னே என்ன தோன்றுகிறது? மணிக்கூண்டு, பளிங்குத் தூண், பட்டமளிப்பு விழா, பளபளக்கும் அங்கி! எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, எத்தனை ஆயிரம் மாணவர் என்று அளந்து பார்த்து, இது பெரிது, அது சிறிது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆலையில் பாடுபடும் தோழர் ஒருவர், மகனை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டாலும், "பெரிய இடமாகப் பார்" என்பதே பதிலாக வருகிறது. இந்த அளவுகோல் சரிதானா? அமெரிக்க நாட்டில் சின்னஞ்சிறு பல்கலைக் கழகம் ஒன்று இருக்கிறது. அதன் வரலாற்றைக் கேட்டபிறகு தோழர்களே தீர்ப்புக் கூறட்டும்!

பென்சில்வேனியா மாநிலம். பிலடெல்பியா நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 45 கல் தொலைவு. சுற்றிலும் வயல்வெளி. தெற்கே சில கல் சென்றால் மேரிலாந்து மாநிலத்தின் எல்லை. 1854-ஆம் ஆண்டிலே, அந்த எல்லைக்கு அப்பால் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாம், விற்கலாம்! இன்னும் தெற்கே போனால், அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம் என்று சில மாநிலங்களில் சட்டம் இருந்தது. கொள்ளையடித்தவனுக்கல்ல, அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவனுக்குத் தண்டனை! படித்தவன் பணிய மாட்டான் என்பது பண்ணை முதலாளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில், ஜேம்ஸ் ரால்ஸ்டன் ஆமஸ் என்ற கறுப்பின இளைஞர் படிக்க விரும்பினார். ஜான் மில்லர் டிக்கி என்ற வெள்ளைப் பாதிரியார் அவருக்கு இடம் தேடினார். தட்டிய கதவு திறக்கவில்லை. கதவு திறக்காவிட்டால் என்ன, புதுக் கட்டடமே எழுப்புவோம் என்று டிக்கியும் அவர் மனைவி சாராவும் முனைந்தனர். 1854-இல் உரிமைச் சாசனம் கிடைத்தது. 'ஆஷ்மன் கல்விக்கூடம்' என்பது முதற் பெயர். அடிமை முறையை ஒழித்த லிங்கன் 1865-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அவர் பெயரைத் தாங்கி, லிங்கன் பல்கலைக் கழகம் ஆயிற்று. தொடக்கத்தில் சேர்ந்த மாணவரை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இன்றுகூட எண்ணிக்கை இரண்டாயிரத்தை ஒட்டித்தான்.

இந்தச் சிறிய கூடத்தில் படித்தவர் யார் யார்?

கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். கப்பலிலே எடுபிடி வேலை செய்தவர். வாஷிங்டன் நகர ஓட்டல் ஒன்றில், பிறர் உண்ட மேசையிலிருந்து தட்டு எடுத்தவர். 1926-இல் இங்கே மாணவரானார். 1929-இல் பட்டம் பெற்றார்.

நாம்டி அசிக்வே. நைஜீரிய நாட்டவர்; பாத்திரம் கழுவியும் சுரங்கத்தில் பாடுபட்டும் படித்தவர். 1930-இல் இங்கே பட்டதாரி. 1963-இல் நைஜீரியக் குடியரசின் முதல் தலைவர்!

குவாமே நிக்ரூமா. கோல்ட்கோஸ்ட் நாட்டிலே ஒரு பொற்கொல்லரின் மகன். அசிக்வேயைக் கண்டும், அவருடைய ஏட்டைப் படித்தும் ஊக்கம் பெற்று, 1935-இல் கடல் கடந்து வந்தார். கோடை விடுமுறையிலே நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் மீன் விற்றார். சோப்புத் தொழிற்சாலையில் மூட்டை முடைந்து போகுமளவுக்கு உழைத்தார். கப்பல் கட்டும் துறையில் நள்ளிரவு தொடங்கிக் காலை எட்டு மணி வரை வேலை; அதற்குப் பிறகு புத்தகம்! இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தோழருக்கு, அந்தக் கண்ணெரிச்சல் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1939-இல் லிங்கனில் பட்டம் பெற்றார். 1957 மார்ச் 6-ஆம் நாள், கோல்ட்கோஸ்ட் விடுதலை பெற்று கானா ஆனபோது, பிரதமராக நின்றவர் அதே மீன் விற்ற மாணவர்தான்!

தர்குட் மார்ஷல். தந்தை ரயில் உணவு வண்டியில் பரிமாறுபவர், தாய் பள்ளி ஆசிரியை. லிங்கனின் சொற்போர் மேடையில் நாவன்மை வளர்த்து, 1930-இல் பட்டம் பெற்றார். சொந்த ஊர் பால்டிமோரில் சட்டக் கல்லூரி இருந்தது, கறுப்பருக்கு இடமில்லை! தாய் தன் மோதிரங்களை அடகு வைத்து, வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார். வழக்கறிஞரான மார்ஷல், இடமில்லை என்ற அதே சட்டக் கல்லூரியின் மீது தொடுத்த வழக்கில் வென்றார். 1954-இல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் பெற்றார். 1967-இல் அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். அங்கு அமர்ந்த முதற் கறுப்பர் அவரே!

இவ்வளவும் பெருமைக்குரிய பக்கம். ஆனால் இத்தோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மைதான் படித்தவர்களாவோம். மறுபாதிதான் நமக்குப் பாடம்.

கறுப்பருக்கென்று எழுந்த அந்தப் பல்கலைக் கழகத்தில், 1929-ஆம் ஆண்டில் ஆசிரியர்கள் அனைவரும் வெள்ளையர்! கவிஞர் ஹியூஸ் அதைக் கண்டு மனம் குமைந்தார். சமூகவியல் வகுப்பில் ஓர் ஆய்வு மேற்கொண்டு, மேல்வகுப்பு மாணவரிடம் கருத்துக் கேட்டார்: "ஆசிரியர்கள் வெள்ளையராகவே இருக்கட்டுமா? நம்மவரும் வரலாமா?" கறுப்பு மாணவர் என்ன விடை தந்திருப்பார்கள் என்று எண்ணுகிறீர்கள்? நூற்றுக்கு 63 பேர், வெள்ளையரே இருக்கட்டும் என்றனர்!

அதிர்ச்சியாக இருக்கிறதா? பிற்காலத்தில் நிறப் பிரிவினையின் முதுகெலும்பை முறித்த மார்ஷலே, அன்று முதலில் பெரும்பான்மையோடு நின்றவர்தான். இரும்பு விலங்கு 1865-இல் கழன்றது. மனத்தின் விலங்கு கழலவில்லை. நம்மவனுக்கு என்ன தெரியும் என்ற எண்ணத்தை எதிரி வந்து ஊட்ட வேண்டியதில்லை. நூறாண்டுக் காலம் மேடையிலே ஒரே நிறத்தைக் கண்ட கண், தானாகவே அப்படிப் பழகிவிடுகிறது.

ஹியூஸ் சோர்ந்துவிடவில்லை. அந்தக் கணக்கை ஊரறிய எடுத்து வைத்தார். தோழர்களை இடித்துரைத்தார். மார்ஷலின் மனம் மாறிற்று. பின்னர் மாணவர் கருத்தும் திரும்பிற்று. 1930-களில் கறுப்பின ஆசிரியர் வந்தனர். 1945-இல், இதே கூடத்தில் மாணவராயிருந்த ஹொரேஸ் மேன் பாண்ட், பல்கலைக் கழகத்தின் முதற் கறுப்பினத் தலைவரானார். பெண்களுக்கு முழுமையாகக் கதவு திறந்ததோ 1950-களில்தான். ஆம், ஒரு வாயில் திறந்தவுடன் எல்லா வாயிலும் திறந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்ட வேண்டியிருக்கிறது!

1946 மே மாதத்தில் இந்தச் சிறு கூடத்துக்கு வந்தார் ஒரு பெரியவர். பெரிய பெரிய பல்கலைக் கழகங்கள் அழைத்தும் போகத் தயங்கிய ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்! பட்டம் ஏற்றார், கரும்பலகையில் தம் சார்பியல் கொள்கையை மாணவர்க்கு விளக்கினார், நிறவெறி வெள்ளையரைப் பிடித்த நோய், அதைக் கண்டு வாய்மூடி இருக்கமாட்டேன் என்றும் அறிவித்தார். பெரும் ஏடுகள் பல அச்செய்திக்கு இடம் தரவில்லை. கேட்ட மாணவர் மறக்கவில்லை.

இனித் தீர்ப்புக்கு வருவோம். கல்விக்கூடம் பெரிதா சிறிதா என்று அளக்க மூன்று கேள்விகள் போதும். யாருடைய பிள்ளைக்கு வாயில் திறக்கிறது? பாடுபட்டுக்கொண்டே படிப்பவனுக்கு அங்கே வழி இருக்கிறதா? பாடம் சொல்லும் மேடையில், கீழே அமர்ந்திருப்பவனின் இனத்தவன் ஏற முடிகிறதா? முதற் கேள்வியோடு நின்றுவிட்டால், படித்தும் பாதி அடிமைகளாயிருப்போம். மூன்றையும் கேட்டால், நாலு பேர் அமர்ந்த கூடமும் நாடாளும் பாசறையாகும்.

தோழரே, மகளையோ மகனையோ கல்லூரிக்கு அழைத்துச் செல்லும்போது கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர். உள்ளே சென்று கேளும்! கேட்பதற்குத் தயங்கும் மனம் இருக்கிறதே, 63 பேரின் வாக்கு அதிலேதான் ஒளிந்திருக்கிறது.