பாதரசக் குழாயும் அறிவியல் சான்றும்: தொடக்க நவீன அறிவியலில் நோக்கலும் சோதனையும் (1644–1663)

ஆய்வுச் சுருக்கம்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் இயற்கையை நேரில் நோக்கத் தொடங்கியதால் நவீன அறிவியல் பிறந்தது என்பது பரவலான கருத்தாகும். நோக்கல் அதற்கு முன்னரும் இருந்தது. ஒருவர் ஓரிடத்தில் ஒருமுறை கண்டதைப் பிறர் ஏற்கத்தக்க சான்றாக மாற்றும் முறைகளே அந்நூற்றாண்டில் உருவாயின என இக்கட்டுரை வாதிடுகிறது. டாரிசெல்லியின் பாதரசக் குழாய் (1644), பெரியேயின் மலைச் சோதனை (1648), பாயிலின் காற்றுப் பம்பு (1660) ஆகியவற்றை ஒரே சிக்கலின் அடுத்தடுத்த படிகளாகக் கொண்டு அம்முறைகளை இது விளக்குகிறது.

முக்கியச் சொற்கள்: நோக்கல், சோதனை, பட்டறிவு, வெற்றிடம், காற்றழுத்தம், சான்று

முன்னுரை

அரிஸ்டாட்டில் அடைகாக்கப்படும் முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துக் கருவின் வளர்ச்சியைக் கண்டு எழுதினார். வானியலாளர்கள் பன்னூறு ஆண்டுகளாகக் கோள்களின் நிலைகளைப் பதிவுசெய்து வந்தனர். ஆகவே, 'முன்னோர் நூலை நம்பினர், பின்னோர் கண்ணை நம்பினர்' என்னும் எளிய பாகுபாடு வரலாற்றுக்குப் பொருந்தாது.

வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. அரிஸ்டாட்டிலிய மரபில் பட்டறிவு என்பது எப்பொழுதும் அல்லது பெரும்பாலும் நிகழ்வதைக் குறித்தது. கனமான பொருள் கீழே விழும், கதிரவன் கிழக்கே எழும் என்பன போன்ற, எவரும் மறுக்காத பொது உண்மைகளே அறிவுக்கு அடிப்படையாயின. ஒருவர் ஒரு கருவியைக் கொண்டு ஒருநாள் கண்ட தனி நிகழ்வுக்கு அம்மரபில் உயர்ந்த இடமில்லை. இலத்தீனில் 'எக்ஸ்பீரியன்ஷியா', 'எக்ஸ்பெரிமென்டம்' என்னும் இரு சொற்களும் நெடுங்காலம் ஒன்றற்கு ஒன்றாக வழங்கியதும் இங்குக் கருதத்தக்கது. பொதுப் பட்டறிவிலிருந்து, நாளும் இடமும் குறிக்கப்பட்ட தனி நிகழ்வுக்கு அறிவின் அடித்தளம் பெயர்ந்ததையே அறிவியல் வரலாற்றாசிரியர் பீட்டர் டியர் அக்காலத்தின் முதன்மையான மாற்றமாகக் காண்கிறார். இப்பெயர்ச்சியை வெற்றிடம் பற்றிய விவாதம் தெளிவாகக் காட்டுகிறது.

பம்பிலிருந்து பாதரசக் குழாய்க்கு

உறிஞ்சு பம்பினால் நீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது என்பது தொழிலறிவாக இருந்தது. கலிலியோ 1638இல் வெளியிட்ட இரு புதிய அறிவியல்கள் குறித்த நூலில் இதனைக் குறிப்பிட்டு, தொங்கும் கயிறு மிக நீண்டால் தன் எடையாலேயே அறுவதுபோல நீர்த்தம்பமும் அறுகிறது என விளக்கினார். அதாவது, நீரை ஏற்றும் விசை குழாயின் உள்ளிருந்து இழுக்கிறது என்பது அவர் கொள்கை.

அவர்தம் மாணவர் எவாஞ்செலிஸ்தா டாரிசெல்லி நீருக்கு மாற்றாகப் பாதரசத்தைக் கொண்டார். பாதரசம் நீரைவிட ஏறத்தாழ 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. எனவே பத்து மீட்டர் நிகழ்வு கையாளத்தக்க ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அடங்கியது. ஒருமுனை மூடிய குழாயைப் பாதரசத்தால் நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தபோது, பாதரசம் ஏறத்தாழ 76 செ.மீ. உயரத்தில் நின்றது, அதற்கு மேல் வெற்றிடம்போல் ஓர் இடைவெளி தோன்றியது. இச்சோதனையை நிகழ்த்தியவர் விவியானி.

1644 சூனில் ரிச்சிக்கு எழுதிய மடலில் டாரிசெல்லி இரு குழாய்களை ஒப்பிட்டார். ஒன்றன் மூடிய முனையில் பெரிய குமிழ் இருந்தது. மற்றது நேரான குழாய். வெற்றிடம்தான் பாதரசத்தை இழுக்கிறது என்றால், பெரிய வெற்றிடம் கூடுதலாக இழுத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டிலும் உயரம் ஒன்றாகவே இருந்தது. ஆகவே விசை வெளியிலிருந்து, காற்றின் எடையிலிருந்து வருகிறது என அவர் முடிவுகட்டினார். ஒரு கருதுகோளின் விளைவை முன்கூட்டி உய்த்துணர்ந்து, அதனை மறுக்கவல்ல வேறுபாட்டைக் கருவியிலேயே அமைத்தது இதன் சிறப்பாகும். நோக்கல் சோதனையாக மாறும் புள்ளி இதுவே.

மலையேறிய குழாய்

எனினும் ஐயம் தீரவில்லை. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, அவ்வெறுப்புக்கு ஓர் அளவுண்டு என்று கூறி மேற்கண்ட உயரத்தைப் பழைய கொள்கையினரும் விளக்க இயன்றது. இச்செய்தி மெர்சென் வழியாகப் பிரான்சில் பரவ, 1646இல் ரூவான் நகரில் பிளெய்சு பாஸ்கல் சோதனையை மீண்டும் நிகழ்த்தினார். காற்றின் எடையே காரணமென்றால், மேலேறுந்தோறும் மேலுள்ள காற்று குறைவதால் பாதரசமும் தாழவேண்டும். மலையடியில் மிகுதியாகவும் உச்சியில் குறைவாகவும் இயற்கை வெற்றிடத்தை வெறுக்கும் என்று எவரும் கூறத் துணியார். இக்கருத்தின் உரிமை குறித்து தெக்கார்த் பின்னர் முறையிட்டபோதிலும், செயலாக்கியவர் பாஸ்கலின் தமக்கை கணவர் புளோரின் பெரியே.

1648 செப்டம்பர் 19 அன்று பெரியே, கிளெர்மோன் நகரின் சமயத் துறவிகள், அரசு அலுவலர், மருத்துவர் எனச் சிலரை உடனழைத்துக்கொண்டார். மடத்துத் தோட்டத்தில் ஒரே பாதரசத்தைக் கொண்டு இரு குழாய்கள் அமைக்கப்பட்டன. இரண்டிலும் உயரம் ஏறத்தாழ 711 மி.மீ. ஒன்று தோட்டத்திலேயே ஒரு துறவியின் கண்காணிப்பில் நாள் முழுதும் விடப்பட்டது. மற்றது புய் டி டோம் மலையுச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே உயரம் ஏறத்தாழ 627 மி.மீ. ஆகக் குறைந்திருந்தது. உச்சியின் வெவ்வேறு இடங்களில், காற்று வீசுமிடத்திலும் ஒதுக்கிடத்திலுமாக ஐந்துமுறை அளந்தும் மாற்றமில்லை. இறங்கும் வழியில் அளந்தபோது இடைப்பட்ட மதிப்புக் கிடைத்தது. தோட்டத்துக் குழாயோ அந்நாள் முழுதும் மாறாதிருந்தது.

இந்நிகழ்வில் நான்கு கூறுகள் ஒருங்கே அமைந்தன. மாறாத குழாய் ஒப்பீட்டுக்கு அடிப்படையாயிற்று. பலமுறை அளத்தல் தற்செயல் பிழையை விலக்கியது. இடைநிலை அளவு, மாற்றம் படிப்படியானது என்பதைக் காட்டியது. நாளும் இடமும் உடனிருந்தோர் பெயர்களும் அறிக்கையில் இடம்பெற்றன. பாஸ்கல் மலையேறவில்லை, அவர் பாரிசில் இருந்தார். தாம் காணாத ஒன்றை அவர் அவ்வாண்டே தம் வாதத்தின் முடிவான சான்றாக வெளியிட முடிந்தமைக்கு இந்நான்குமே காரணம்.

பம்பும் சாட்சிகளும்

மலை எவர் விருப்பத்திற்கும் வளையாது. காற்றை வேண்டியவாறு குறைக்கவும் கூட்டவும் இயலாது. இங்கிலாந்தில் ராபர்ட் பாயிலும் அவர்தம் உதவியாளர் ராபர்ட் ஹூக்கும் உருவாக்கிய காற்றுப் பம்பு இக்குறையைப் போக்கியது. 1660இல் பாயில் வெளியிட்ட நூலின் பதினேழாவது சோதனையில், பாதரசக் குழாய் பம்பின் கண்ணாடிக் கலத்துள் வைக்கப்பட்டது. காற்றை வெளியேற்ற வெளியேற்றப் பாதரசம் தாழ்ந்தது. காற்றை உள்விட்டபோது ஏறியது. மலையேற்றத்தின் விளைவு அறைக்குள்ளேயே, இருதிசையிலும் நிகழ்ந்து காட்டப்பட்டது.

கசிவின் காரணமாகப் பாதரசம் முற்றிலும் கீழ்மட்டத்தை அடையவில்லை என்பதையும் பாயில் மறைக்கவில்லை. தோல்வியுற்ற சோதனைகளையும் விரிவாக எழுதினார். உடனிருந்து கண்ட கணித அறிஞர்கள் வாலிஸ், வார்டு, ரென் ஆகியோரைப் பெயர் சுட்டினார். நேரில் வர இயலாத வாசகனும் மனக்கண்ணால் உடனிருந்து காணுமாறு அறிக்கை எழுதுவது புதியதோர் உரைநடைக் கலையாயிற்று. ஸ்டீவன் ஷேப்பின், சைமன் ஷாஃபர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இக்கூறினையே முதன்மைப்படுத்துகிறது.

சான்றின் எல்லைகள்

இம்முறை எதிர்ப்பின்றி வெல்லவில்லை. தாமஸ் ஹாப்ஸ் 1661இல், பம்பு கசிவதால் கலம் உண்மையில் வெறுமையானதன்று என்றும், சோதனை நிகழும் அவை எல்லோர்க்கும் திறந்ததன்று என்றும் மறுத்தார். முதல் மறுப்பு கருவியின் நம்பகம் பற்றியது. இரண்டாவது சாட்சிகளின் தகுதி பற்றியது. இரண்டும் இன்றும் பொருளற்றவையல்ல.

மறுநிகழ்த்தலும் எளிதாக இல்லை. காற்றுநீக்கிய நீர் நிரம்பிய குழாய் ஒன்று, வெறுமையாக்கிய கலத்துள்ளும் இறங்காது நிற்பதை ஹாலந்தில் ஹைகென்ஸ் கண்டார். அவர் பம்பில் கசிவு என்று இலண்டனில் ஐயுற்றனர். 1663இல் அவரே இலண்டனுக்கு வந்திருந்தபோதுதான் அது அங்கும் நிகழ்ந்தது. கருவியை எழுத்தில் மட்டும் விளக்கினால் போதாது, கைப்பழக்கமும் ஆளோடு பயணிக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. அக்கைப்பழக்கத்திற்குரிய உதவியாளர் பலரின் பெயர்கள் அறிக்கைகளில் இடம்பெறவில்லை. நற்குடிச் சாட்சியின் பெயர் பொறிக்கப்பட்டது. பம்பை இயக்கியவனின் பெயர் பெரும்பாலும் விடுபட்டது.

முடிவுரை

இரு கருதுகோள்களைப் பிரித்துக் காட்டும் அமைப்பு, ஒப்பீடும் எண்ணளவும், நிகழ்வைக் கட்டுப்படுத்தும் கருவி, சாட்சியோடு கூடிய அறிக்கை என்னும் படிகளின் வழியே நோக்கல் சான்றாயிற்று. இவற்றுள் எதுவும் தனிமனிதனின் கூர்த்த கண்ணால் மட்டும் கிட்டியதன்று. ஆகவே தொடக்க நவீன அறிவியலை நூலறிவுக்கும் கண்ணறிவுக்கும் நடந்த போராக எழுதுவது முழுமையாகாது. யார் கண்டார், எதனோடு ஒப்பிட்டார், எக்கருவியால் அளந்தார், யாருக்கு எவ்வாறு உரைத்தார், யார் பெயரை விடுத்தார் என்னும் வினாக்களை எழுப்பும்போதே அறிவியல் வரலாறு வெற்றியாளர்களின் பட்டியலாகச் சுருங்காமல், நம்பகம் உருவான வரலாறாக விரிவடையும்.