13 நாள் லாக்கப், 23 வருஷம் கழிச்சு ஒரு நாவல்: செய்யாத தப்புக்குச் சிறை போனவர்கள் ஏன் எழுதுகிறார்கள்?

ரெட்டியார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் காலை நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் போகிற பஸ்ஸுக்காக தோளில் ஒரு பேக்கோடு பசங்க நிற்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, கோவையில் ஏதோ ஒரு கடை, அதையும் தாண்டி பெங்களூரு என்று வேலைக்குப் போகிறவர்கள். எதிர்ப்பக்கம் திண்டுக்கல் பஸ்ஸில் இந்தியிலோ ஒடியாவிலோ வீட்டுக்கு போன் பேசிக்கொண்டே போகிற பசங்க இருப்பார்கள். நம்ம மாவட்டத்து நூற்பாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வந்தவர்கள்.

இரண்டு பக்கமும் வயசு 18, 19, 20தான். சொந்த ஊரில் "இன்னார் மகன்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். போன ஊரில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

1983-ல் கோவைக்காரர் ஒருவரும் இப்படித்தான் ஆந்திராவின் குண்டூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் போலீஸ் வந்தது. அவரையும் நண்பர்களையும் திருட்டு சந்தேகத்தில் அள்ளிக்கொண்டு போனது. அவர் பெயர் மு.சந்திரகுமார். 'ஆட்டோ சந்திரன்' என்றால் கோவையில் நிறைய பேருக்குத் தெரியும். நமக்கு இன்னும் ஈஸியாகச் சொல்ல வேண்டுமென்றால், 'விசாரணை' படத்தின் கதைக்குச் சொந்தக்காரர்.

குண்டூரில் என்ன நடந்தது?

சந்திரகுமார் 1962-ல் பிறந்தவர். பத்தாவது வரைதான் படிப்பு. வீட்டை விட்டு வெளியேறி ஊர் ஊராகத் திரிந்து, கிடைத்த வேலையைச் செய்தவர். குண்டூரில் பிடிபட்டபோது அவருக்கு 21 வயசுகூட முழுசாக ஆகியிருக்குமா என்பது சந்தேகம்தான். கூட இருந்தவர்களும் அவரைப் போலவே பிழைக்க வந்த இளைஞர்கள்.

லாக்கப்பில் 13 நாள். தினமும் அடி. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: திருட்டை ஒத்துக்கோ. செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது என்பதுதான் அவர்கள் பதில். அதன் பிறகு சிறை, ஐந்து மாதத்துக்கும் மேலாக.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது புதுச் சட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு 1950-லேயே சொன்னது. குண்டூரில் 1983-லும் அது அமலில்தான் இருந்தது. 24 மணி நேரம் எப்படி 13 நாளானது? "இவனைத் தேடி யாரும் வர மாட்டார்கள்" என்று ஸ்டேஷனில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மொழி தெரியாது, சொந்தக்காரர் இல்லை, வக்கீல் இல்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

போலீஸிடம் ஒத்துக்கொண்டால்தான் செல்லாதே, அப்புறம் ஏன் அடி?

நல்ல கேள்வி. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலத்தை கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது.

ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். திருட்டு வழக்குகளில் "நகை எங்கே, பணம் எங்கே" என்று திரும்பத் திரும்பக் கேட்பதன் பின்னால் இருப்பது இதுதான். பொருள் கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும். நிஜத் திருடனைத் தேடி அலைவதைவிட, கையில் இருப்பவனை ஒத்துக்கொள்ள வைப்பது வேலையைச் சுருக்கிவிடுகிறது.

எழுத்து எப்போது வந்தது?

வெளியே வந்த சந்திரகுமார் பிறகு கோவையில் ஆட்டோ ஓட்டினார். குண்டூரில் நடந்ததை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். புத்தகம் வெளிவந்தது 2006-ல். அதாவது சம்பவம் நடந்து 23 வருஷம் கழித்து.

அதைப் படித்த வெற்றிமாறன் 'விசாரணை'யை எடுத்தார். படத்தின் முதல் பாதிதான் நாவலின் லாக்கப். தமிழ்நாட்டில் நடக்கிற இரண்டாம் பாதி படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. 2015 வெனிஸ் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டு, மனித உரிமைக்காக ஆம்னெஸ்டி இத்தாலி அமைப்பு கொடுக்கும் விருதை வாங்கியது. அந்த விழாவுக்கு சந்திரகுமாரும் போயிருந்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரை என்று படம் நீண்ட தூரம் போனது.

"அப்போ கஷ்டத்துக்குப் பலன் கிடைச்சிடுச்சு" என்று இதை ஒரு மோட்டிவேஷன் கதையாக முடித்துவிடலாம்தான். ஆனால் விருது வந்ததால் அந்த 13 நாள் இல்லாமல் போய்விடாது. சிறையில் போன மாதங்களும் திரும்பி வராது. பிறகு எழுத்து என்ன செய்தது என்பதைப் புரிந்துகொள்ள, நியூயார்க் பையன் ஒருவரின் கதையையும் தெரிந்துகொள்ளணும்.

15 வயசு, கறுப்பினப் பையன், கையில் கவிதை

1989 ஏப்ரல் 19. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஜாகிங் போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயசுக்குள் இருந்த ஐந்து பசங்களைப் போலீஸ் இந்த வழக்கில் சிக்க வைத்தது. நாலு பேர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. பல மணி நேர விசாரணைக்குப் பிறகு நாலு பேர் வீடியோவில் 'ஒத்துக்கொண்டார்கள்'. டிஎன்ஏ யாரோடும் பொருந்தவில்லை. இருந்தும் 1990-ல் தண்டனை.

அந்த ஐந்து பேரில் ஒருவர்தான் யூசுஃப் சலாம். கைதானபோது வயசு 15. வீடியோ வாக்குமூலம் கொடுக்காதவர் அவர்தான். தண்டனை அறிவித்த நாளில், தான் எழுதிய கவிதையை கோர்ட்டிலேயே வாசித்தார். அதைக் கேட்டு தீர்ப்பு மாறிவிடவில்லை. கிட்டத்தட்ட ஏழு வருஷம் உள்ளே இருந்தார்.

உண்மைக் குற்றவாளி 2002-ல் தானாக முன்வந்து ஒத்துக்கொண்டார். அவருடைய டிஎன்ஏ பொருந்தியது. ஐந்து பேரின் தண்டனையும் ரத்தானது. 2014-ல் நியூயார்க் நகரம் 4.1 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சம்மதித்தது.

சலாம் 2020-ல் எழுத்தாளர் இபி சோபோயுடன் சேர்ந்து 'பஞ்சிங் தி ஏர்' என்ற நாவலை வெளியிட்டார். முழுக்க கவிதை வடிவம். அதில் வரும் 16 வயசு அமல், ஓவியமும் கவிதையும் தெரிந்த கறுப்பினப் பையன். செய்யாத குற்றத்துக்காக உள்ளே போகிறான், அங்கே வரைகிறான், எழுதுகிறான். இது சலாமின் வாழ்க்கை வரலாறு இல்லை, கற்பனைதான். ஆனால் அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சலாம் 2023 நவம்பரில் ஹார்லெம் பகுதியில் இருந்து நியூயார்க் நகர கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்படியென்றால் கவிதை என்ன செய்தது?

நேர்மையாகச் சொன்னால், கவிதை சிறைக் கதவைத் திறக்கவில்லை. சலாமின் பெயரைக் காப்பாற்றியது டிஎன்ஏவும் இன்னொருவரின் வாக்குமூலமும். அப்போது அவர் தண்டனையை முடித்து வெளியே வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. சந்திரகுமாரின் நாவலும் அவரை வெளியே கொண்டுவரவில்லை.

பொய் வழக்கில் சிக்கியவரிடமிருந்து முதலில் பறிபோவது அவருடைய கதை. அவர் என்ன செய்தார், எங்கே இருந்தார், எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் வேறு ஒருவர் எழுதுகிறார். சில நேரம் அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறார். கடைசியில் கையெழுத்து மட்டும் கேட்கிறார். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, அடுத்த நாள் செய்தி எல்லாவற்றிலும் அதே கதைதான் ஓடும். (செய்தி எழுதுகிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'கொள்ளையர்கள் சிக்கினர்' என்று போட்டுவிட்டு, அவர்கள் விடுதலையான செய்தியைப் போட மறந்துவிடுகிறோம்.)

சந்திரகுமாரும் சலாமும் எழுதியது அந்தக் கதைக்கு ஒரு பதில். "நீங்கள் எழுதியது நான் இல்லை, நான் இதுதான்" என்று சொல்ல அவர்களிடம் வேறு கருவி இல்லை. குண்டூர் ஸ்டேஷனின் அன்றைய ரெக்கார்டுகளை இன்று யார் தேடிப் படிக்கப் போகிறார்கள்? 'லாக்கப்' இன்றும் கடையில் கிடைக்கிறது.

பேரறிவாளன் கதையும் இதுதானே?

இதைப் படிக்கிற பலருக்கும் இந்தக் கேள்வி வரும். 1991 ஜூனில், 19 வயசில் ராஜீவ் கொலை வழக்கில் கைதானவர் பேரறிவாளன். சிறையிலேயே பிளஸ் டூ, பிசிஏ, எம்சிஏ முடித்தார். தூக்குக் கொட்டடியில் இருந்து முறையீட்டு மடலும் எழுதினார். அவருடைய வாக்குமூலத்தில், பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தான் பதிவு செய்யவில்லை என ஓய்வுபெற்ற சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013-ல் கூறினார்.

ஆனால் சட்டப்படி இது வேறு. 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் 142-வது பிரிவின் கீழ் அவரை விடுவித்தது. 'குற்றமற்றவர்' என்று தீர்ப்பு வரவில்லை. அதனால் அந்த வழக்கை இந்த வரிசையில் அப்படியே சேர்க்க முடியாது.

இந்தியாவில் இழப்பீடு உண்டா?

செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்தவருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இங்கே பொதுவான சட்டம் கிடையாது. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 277-வது அறிக்கை 2018-லேயே சொல்லிவிட்டது. இன்னும் வரவில்லை. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் 50 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. வழக்கு தொடங்கிய 1994-ல் இருந்து கணக்குப் போட்டால் 24 வருஷம். இஸ்ரோ விஞ்ஞானிக்கே இந்த நிலை என்றால், மில்லில் வேலை செய்கிற பையனை நினைத்துப் பாருங்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 75 சதவீதத்துக்கும் மேல் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றவாளி என்று எந்த கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

கதை இருக்கட்டும், நாளைக்கே தெரிந்த பையன் ஒருவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் என்ன கேட்பது?

- எதற்காகக் கைது என்ற காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.
- கைது பற்றிக் குடும்பத்தினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பில் ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். இவை டி.கே.பாசு வழக்கில் 1996-ல் வந்த கட்டளைகள்.
- 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அங்கே சொல்லலாம்.
- 18 வயசுக்குக் கீழ் என்றால் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. சிறார் நீதிக் குழுமத்திடம்தான் கொண்டுபோக வேண்டும். ஆதாரோ மார்க் ஷீட்டோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.
- ஸ்டேஷன்களில் சிசிடிவி கட்டாயம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்கலாம்.
- காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச வக்கீல் உண்டு. போன் நம்பர் 15100.

எல்லாம் பேப்பரில் இருக்கே, நடக்குமா என்று கேட்டால், சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தது 2020-ல்தான். டி.கே.பாசு தீர்ப்பு வந்து 24 வருஷம் கழித்து. சட்டம் தானாக ஸ்டேஷனுக்குள் போகாது, அதைக் கேட்டுக்கொண்டு வெளியே ஒருவர் நிற்கணும்.

1983-ல் சந்திரகுமாருக்கு வெளியே நிற்க யாரும் இல்லை. இன்று ரெட்டியார்சத்திரத்தில் இருந்து போகிற பையனுக்கு போனிலாவது வீடு இருக்கிறது. ஆனால் பிகாரில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ இங்கே வந்த பையன் ஒருவன் சந்தேகத்தில் பிடிபட்டால், திண்டுக்கல்தான் அவனுடைய குண்டூர். அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, 15100-க்கு போன் போட, "இவன் எங்க மில்லில் வேலை செய்யற பையன், அன்னைக்கு ஷிஃப்ட்ல இருந்தான்" என்று சொல்ல அவனுக்கு இருப்பது நாம்தான். அவன் கதையை அவனே 23 வருஷம் கழித்து எழுதிச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.