நாய்களால் பரவும் பற்றீரியாத் தொற்றுக்கள்: வாவிக்கரை மக்கள் அறிய வேண்டியவை

காத்தான்குடியில் நாய் வளர்க்கும் வீடுகளைத் தேடித்தான் காண வேண்டும். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் என்பதால், நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவும் வழக்கம் இங்கு சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். தெற்கே அடுத்துள்ள ஆரையம்பதியிலோ நிலைமை வேறு. அங்கு நாய் வீட்டுக் காவலன். வைரவரின் வாகனமும் அதுவே. ஆனால் கட்டாக்காலி நாய்களுக்கு ஊர் எல்லைகள் தெரிவதில்லை. மாரி காலத்தில் ஒழுங்கைகளை நிரப்பும் வெள்ளநீருக்கும் அவ்வாறே. எனவே, "நாங்கள் நாய் வளர்ப்பதில்லை, எங்களுக்கு என்ன?" என்று ஒரு சாராரும், "எங்கள் நாய்க்கு ஊசி போட்டாயிற்று" என்று மறு சாராரும் கவலையற்று இருந்துவிட முடியாது.

நாயால் வரும் நோய் என்றவுடன் நம் மனதில் எழுவது விசர்நாய்க்கடி நோயே. அது வைரசினால் உண்டாவது. 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் 377 உயிர்களைப் பறித்த அந்நோய், நாய்களுக்கான தடுப்பூசித் திட்டங்களின் பயனாக இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரையிலான மரணங்களாகக் குறைந்துள்ளது. இந்த வெற்றி ஒரு தவறான நிம்மதியையும் தந்துவிட்டது. பொதுச் சுகாதாரத் துறையினர் கிராமந்தோறும் வந்து போடும் ஊசி விசர்நோய்க்கு மட்டுமே உரியது. பற்றீரியாக்களால் வரும் நோய்களை அது தடுப்பதில்லை என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

அவற்றுள் எமது பிரதேசத்தைப் பொறுத்தவரை முதலிடம் பெறுவது லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல். பெயரில் எலி இருப்பதாலேயே ஏனைய விலங்குகள் மறக்கப்பட்டுவிட்டன. எலியே பிரதான காவி என்பது உண்மை. ஆனால் மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியனவும் இக்கிருமியைச் சிறுநீரகத்தில் சுமக்கின்றன. 1930களில் ஒல்லாந்தில் நாய்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு வகைக்கு, நாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'கனிகோலா' என்றே பெயரிட்டார்கள். தொற்றுக்குள்ளான நாய் சில வேளை காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோகும். சில வேளை எந்த நோய்க்குறியும் காட்டாமல், வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ சிறுநீருடன் கிருமியை வெளியேற்றிக்கொண்டு திரியும். ஆபத்து மிகுந்தது இந்த இரண்டாவது நாயே.

சிறுநீர் கலந்த ஈர மண்ணிலும் நன்னீரிலும் இக்கிருமி வாரக் கணக்கில் உயிர்வாழ வல்லது. உலர்ந்த மணலிலும் கடும் வெயிலிலும் விரைவில் மடிந்துவிடும். உப்புச் செறிவு மிக்க நீரிலும் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதில்லை. எனவே கோடையில் வாவி உவர்த்திருக்கும்போது அச்சம் குறைவு. வடகீழ்ப் பருவமழை தொடங்கி வாவி நீர் நன்னீராகி, வடிகான்கள் நிரம்பி, முற்றங்களில் நீர் தேங்கும்போதுதான் அபாயம் உயர்கிறது. அந்நீரில் வெறுங்காலுடன் நடப்பவரின் பாத வெடிப்பு, சேற்றுப்புண், சிறு கீறல் வழியாகவும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் கிருமி உட்புகும். நாயைத் தொட வேண்டியதுமில்லை, நாயைக் காண வேண்டியதுமில்லை. பாத்திரம் கழுவும் மார்க்க ஒழுங்கு எச்சில் பற்றியது. வெள்ளத்தில் கரைந்த சிறுநீர் கண்ணுக்குத் தெரியாமல் எல்லோர் கால்களையும் தொடுகிறது.

2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்துடன் பதிவாகினர். சுமார் 200 பேர் உயிரிழந்தனர். அதுவரை இந்நோய் மேற்கு, தெற்கு ஈரவலய மாவட்டங்களுக்கு உரியதென்றே பலரும் எண்ணியிருந்தனர். மட்டக்களப்பு உட்படப் பல மாவட்டங்களை மூழ்கடித்த 2011 ஜனவரி வெள்ளத்தின் பின் உலர்வலயத்திலும் நோய் தலைதூக்கியபோது அந்த எண்ணம் தகர்ந்தது. படுவான்கரை வயல்களுக்குச் சென்று வரும் எழுவான்கரை விவசாயிகளும் கூலியாட்களும் இதை மனதிற்கொள்ள வேண்டும். வயலுக்கு இறங்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்ளின் மாத்திரையை இலவசமாகப் பெற்று, கூறப்படும் முறைப்படி வாரந்தோறும் உட்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது உகந்ததல்ல.

அடுத்தது நாய்க்கடி. ஆரோக்கியமான, விசர் ஏதுமற்ற நாயின் வாயிலும் பற்றீரியாக்கள் நிறைந்துள்ளன. அமெரிக்காவில் 1999 இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்றேற்பட்ட நாய்க்கடிக் காயங்களில் ஏறத்தாழ பாதியில் பாஸ்டுரெல்லா எனும் பற்றீரியா இருந்ததைக் காட்டியது. கடித்து ஒரு நாளுக்குள்ளேயே காயம் சிவந்து, வீங்கி, சீழ் வைப்பது இதனால்தான். ஈர்ப்புவலிக் கிருமியும் இக்காயத்தின் வழியே புகக்கூடும். மிக அரிதானது, ஆனால் மிகக் கொடியது, கப்னோசைட்டோபாகா எனும் பற்றீரியா. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும், மதுவால் ஈரல் கெட்டவர்களுக்கும் இது இரத்தத்தில் பரவி உயிராபத்தை விளைவிக்கும். தலசீமியா நோயின் காரணமாக மண்ணீரல் நீக்கப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில், நாய் புண்ணை நக்குவதைக்கூட விளையாட்டாகக் கொள்ளலாகாது. நீரிழிவு நோயாளரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களே.

கடிபட்டவுடன் மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு என எதையாவது அப்புவது இன்னும் ஒழியாத பழக்கம். அதனால் அழுக்கு உள்ளேயே அடைபடுகிறது. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவுவதே முதற்காரியம். அதன்பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நோய்க்கான ஊசியா, ஈர்ப்புவலி ஊசியா, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தா, அல்லது மூன்றுமா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். நாய்க்குட்டிகளின் மலத்திலிருந்து பரவி வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கம்பிலோபக்டர் போன்ற கிருமிகளுக்கும் மருந்து சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதுதான்.

எல்லாப் பழியையும் நாயின் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. மட்டக்களப்பு மாவட்டத்தில் மெலியோய்டோசிஸ் நோயாளரும் இனங்காணப்பட்டுள்ளனர். எலிக்காய்ச்சல் போலவே காய்ச்சலுடன் வரும் அந்நோயின் பற்றீரியா மண்ணிலும் நீரிலும் தானே வாழ்வது. நாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை எனலாம். நாய்களும் எலிகளும் பெருகுவதற்குக் காரணம் யார் என்றும் கேட்டுப் பார்க்கலாம். சில சதுர கிலோமீற்றர் நிலத்தில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நெருங்கி வாழும் ஊரில், கோழிக்கடைக் கழிவும் மீன் கழிவும் வாவிக்கரையில் வீசப்பட்டால் அங்கே இரு இனமும் ஒரே பந்தியில் அமரும். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாக் கழிவுகளை ஆழப் புதைப்பது இதனால்தான் அவசியமாகிறது. குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்களுக்கு எறிவது சல்மொனெல்லாவுக்கும் வழி திறக்கும்.

நஞ்சு வைத்து நாய்களை ஒழிப்போம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. இலங்கையில் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறை 2006 ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் முன்னெடுக்கப்பட்டன. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லும் சமூகத்திற்கும், வைரவருக்கு வடைமாலை சாத்தும் சமூகத்திற்கும் நஞ்சுருண்டை பொருந்தாத ஆயுதம். குப்பை இருக்கும்வரை இறந்த நாயின் இடத்திற்கு வேறொன்று வந்து சேர்வதும் வழமை.

நாய் வளர்ப்போர் ஒன்றைச் செய்யலாம். மிருக வைத்தியரிடம் கேட்டு, லெப்டோஸ்பைரா அடங்கிய கூட்டுத் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவியுங்கள். அது எல்லா வகைகளையும் தடுக்காது என்றாலும் பெருமளவு பயன் தரும். நாயின் சிறுநீர் பட்ட தரையைக் குளோரின் கரைசலால் கழுவுங்கள், கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் கவனிக்க வேண்டியவை: கடுந்தலைவலி, கெண்டைக்கால் தசைகளில் தாங்கொணா நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல். கிருமி புகுந்து 2 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் இவை தோன்றும். டெங்குப் பருவமும் இதே பருவமாகையால் இரண்டையும் பிரித்தறிவது வைத்தியருக்கே சிரமமானது. பெனிசிலின், டொக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் ஆரம்பத்தில் கிடைத்தால் நன்கு பயனளிக்கும். சிறுநீரகம் பழுதடைந்த பின் நிலைமை கடினமாகும். ஆகவே பனடோலுடன் நான்கு நாட்கள் வீட்டில் காத்திராமல் வைத்தியரிடம் செல்லுங்கள். அங்கே அவர் கேட்காவிட்டாலும், கடந்த மாதத்தில் வயலில் இறங்கியதையும், வெள்ளத்தில் நடந்ததையும், வீட்டு நாய் நோயுற்றிருந்ததையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.